அறுபத்துமூவர் அன்று 812 படம், தேறியது ஆறு: கெட்ட பழக்கம் ஊறுவதற்கு முன் எதைப் பழக வேண்டும்?

மாடவீதி எழுதியது:

வணக்கம். கேமரா வாங்கி நாலு மாதம் ஆகிறது. கேனான் 200டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கூடவே வந்த 18-55 லென்ஸ், அவ்வளவுதான். புது லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்க வரவில்லை. கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கேள்வி.

வீடு மயிலாப்பூரில். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் புறப்பாட்டை நான் சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. இந்த வருடம் முதல் முறையாகக் கேமராவோடு போனேன். மதியம் இரண்டரையிலிருந்து ராத்திரி எட்டு வரை வீதியிலேயே நின்று 812 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முதல் முந்நூறு படத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பல்லக்கின் மேல் பிடித்த குடை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று தேடினால், முந்தின நாள் ராத்திரி வளையல் கடை வெளிச்சத்தில் எடுப்பதற்காக ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்ற எண்) 6400 வைத்திருக்கிறேன், மறுநாள் மதியமும் அப்படியே ஏவி மோடில் (அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை நாம் வைத்தால் ஷட்டர் நேரத்தைக் கேமராவே வைத்துக்கொள்ளும்) அபெர்ச்சர் 5.6 வைத்து எடுத்துக்கொண்டே போயிருக்கிறேன். வெயிலில் பின்திரையும் சரியாகத் தெரியவில்லை.

மீதிப் படங்களில் வேறு வேறு பிரச்சினை. முன்னால் நிற்பவரின் பின்மண்டை பளிச்சென்று இருக்கிறது, நாயன்மார் மங்கலாக இருக்கிறார். ஒரே காட்சியைப் பதினைந்து தடவை எடுத்திருக்கிறேன், பதினைந்தும் ஒரே மாதிரி. ஓரத்தில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்த கை. எல்லாவற்றையும் விட மனசு கஷ்டப்பட்டது ஒரு படத்தால்தான். நீர்மோர்ப் பந்தலில் ஒரு பாட்டி, பல்லக்கை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஸ்ரீபாதம் தாங்கி ஒருவருக்கு டம்ளரை நீட்டுகிறார். பாட்டியின் முகத்தில் அவ்வளவு கனிவு, வெளிச்சம் சரியாக இருக்கிறது, ஃபோகஸும் சரியாக இருக்கிறது. ஆனால் டம்ளர் பாதி படத்துக்கு வெளியே. அந்த ஒரு படத்தை ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியூபைண்டரில் கண் வைத்தாலே பதற்றம் வந்துவிடுகிறது, தருணம் போய்விடுமோ என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன். வீடியோக்களில் ஒருவர் முதல் நாளிலிருந்தே மேனுவல் என்கிறார், இன்னொருவர் ஆட்டோவே போதும் என்கிறார். இப்போதே சரியாகப் பழகாவிட்டால் இந்தப் பழக்கங்களே கையில் ஊறிவிடும் என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் நீங்கள் எதை, எந்த வரிசையில் பழகினீர்கள் என்று சொல்லுங்கள்.


பழைய ரோல் எழுதியது:

தம்பி, அந்தப் பாட்டி முன்னால் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் கைப்பழக்கம், வந்துவிடும்.

வெளுத்துப்போன முந்நூறு படத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் 5.6 வைத்தால் ஐஎஸ்ஓ 100க்கே ஷட்டர் கிட்டத்தட்ட 1/800 விநாடி வரும். 6400 என்பது அதைப்போல 64 மடங்கு, அப்படியானால் 1/51200 வேண்டும். உங்கள் கேமராவில் 1/4000க்கு மேல் கிடையாது. அதனால் அந்தக் கேமரா என்ன செய்திருக்கும் தெரியுமா, வியூபைண்டருக்குக் கீழே 4000 என்ற எண்ணை விட்டுவிட்டு மின்ன வைத்திருக்கும். "என்னால் இதற்கு மேல் முடியாது" என்று முந்நூறு தடவை உங்களிடம் சொல்லியிருக்கிறது. நீங்கள் பல்லக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எண்ணைப் பார்க்கவில்லை.

இது நான் அனுபவித்துத் தெரிந்துகொண்ட விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் கல்யாணப் படம் எடுக்கிறேன், ஆரம்பித்தது 1991இல், ரோல் காலம். தனியாகப் போன முதல் கல்யாணத்தில் நலங்கு முழுவதையும் ஒரு ரோலில் எடுத்தேன். எண்காட்டி 1, 2, 3 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டு போனது. 36 தாண்டி 38 ஆகியும் ரோல் முடியவில்லையே என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. திறந்து பார்த்தால் ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை. பெண்ணின் பாட்டி அந்த வருடமே காலமானார், நலங்கில் அவர் மஞ்சள் பூசுகிற படம் அந்த வீட்டில் இன்றைக்கும் கிடையாது. ரோல் மாட்டி லீவரைத் தள்ளும்போது இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்டு குமிழ் தானாகச் சுற்ற வேண்டும், சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். பார்க்கிற பழக்கம்தான் அப்போது இல்லை. அன்றிலிருந்து குமிழைப் பார்க்காமல் ஒரு படமும் எடுத்ததில்லை, டிஜிட்டல் வந்த பிறகு அதே கண் கீழே உள்ள எண்களுக்குப் போய்விட்டது.

எனவே முதல் பழக்கம், கண்ணை வைத்ததும் எண்கள், அப்புறம் காட்சி. ஷட்டர் எவ்வளவு, அபெர்ச்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு, ஏதாவது மின்னுகிறதா. அரை விநாடிகூட ஆகாது. பட்டனைப் பாதி அழுத்தினால் எல்லாம் தெரியும்.

இரண்டாவது, பையில் வைக்கும்போதே கேமராவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடையை மூடும்போது கல்லாவை எண்ணி வைக்கிற மாதிரி. எனக்கு ஐஎஸ்ஓ 400, ஏவி, 5.6, வெளிச்சத் திருத்தம் பூஜ்யம், ஃபோகஸ் ஒன் ஷாட் (ஒரு தடவை பிடித்ததும் அங்கேயே நின்றுவிடும்), நடுப்புள்ளி. எந்த ராத்திரி எங்கே எடுத்திருந்தாலும் பையில் போகும்போது இதுதான். மறுநாள் அவசரத்தில் வெளியே எடுத்தாலும் கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். உங்களுடைய எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பின்மண்டை விஷயம்: ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமரா விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி விட்டால் அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும், கூட்டத்தில் பக்கத்தில் இருப்பது பின்மண்டைதான். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வையுங்கள். அதை எதிரே இருப்பவரின் கண்ணில் வைத்துப் பாதி அழுத்துங்கள், அப்படியே அழுத்திப் பிடித்தபடி சட்டகத்தை நகர்த்தி மீதியை அழுத்துங்கள். நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஏஐ சர்வோ, நகர்கிறவரைத் தொடர்ந்து பிடிக்கிற ஃபோகஸ்.

பிடிக்கிற விதம் பற்றி யாரும் பேசுவதில்லை. இடது உள்ளங்கை லென்ஸுக்குக் கீழே தாங்க வேண்டும், பக்கத்திலிருந்து கிள்ளிப் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், கேமரா புருவத்தில் பதிந்திருக்கட்டும், மூச்சை விட்டு முடிக்கிற நேரத்தில் விரலை வெடுக்கென்று தட்டாமல் மெதுவாக அழுத்துங்கள். உங்கள் சென்சார் ஃபிலிமை விடச் சின்னது, அதனால் லென்ஸின் 55 என்பது 1.6 மடங்கு, 88 மாதிரி. ஷட்டர் எண் அதை விடக் குறைந்தால் கை நடுக்கம் படத்தில் தெரியும், ஆகவே 1/100க்குக் கீழே போகாமல் பாருங்கள். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பல்லக்குத் தூக்கி நடக்கிறவரின் அசைவை அது நிறுத்தாது. நடக்கிறவருக்கு 1/250, ஓடினால் 1/500.


அரைவெளிச்சம் எழுதியது:

அண்ணன் சொன்ன பிடிக்கிற விதம், நடுப்புள்ளி எல்லாம் சரி. ஏவி மட்டும் எனக்குச் சம்மதமில்லை. நான் முதல் மூன்று மாதம் எம் மோடை, அதாவது எல்லா எண்ணையும் நாமே வைக்கிற மேனுவலைத் தவிர எதையும் தொடவில்லை. ஒரு படி ஷட்டரை இறக்கினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், அதை ஐஎஸ்ஓவில் ஒரு படி இறக்கிச் சமன் செய்யலாம் என்பதெல்லாம் படித்தபோது மண்டையில் ஏறவே இல்லை, கையால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஏறியது. மாடவீதி 6400ஐ மறந்ததற்குக் காரணமே கேமரா பாதி வேலையைத் தானே செய்தது என்பதுதான் என்று நினைக்கிறேன். எம் மோடில் இருந்திருந்தால் முதல் படத்துக்கு முன்னாலேயே மூன்று எண்ணையும் பார்த்தே ஆக வேண்டியிருந்திருக்கும். அப்புறம் ஜேபெக் வேண்டாம், ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். கொஞ்சம் வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு உண்டு.


பழைய ரோல் எழுதியது:

அரைவெளிச்சம் தம்பி, கற்றுக்கொள்வதற்கு எம் மோடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே என்பது முக்கியம். வீட்டுத் திண்ணையில், மொட்டை மாடியில், அசையாத பொருளை வைத்துக்கொண்டு பழகலாம். திருவிழாவில் பல்லக்கு பந்தல் நிழலுக்குள் போகும், பத்தடி தள்ளி வெயிலுக்கு வரும், மறுபடி நிழல். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் பாட்டி டம்ளரை நீட்டி முடித்துக் கழுவி வைத்துவிடுவார். ராவும் நல்லதுதான், ஆனால் நாலு படி வெளுத்ததை எந்த ராவும் மீட்டுத் தராது.

நான் சொல்லிக்கொடுக்கிற பையன்களுக்கு வேறு ஒரு பயிற்சி தருவேன். கேமராவை எடுப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பார்த்து எண்ணை வாயால் சொல்ல வேண்டும். கோடாக் ரோல் வாங்கினால் டப்பாவின் உட்பக்கத்தில் சின்னச் சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள், நல்ல வெயில், மேகம், நிழல், ஒவ்வொன்றுக்கும் என்ன வைக்க வேண்டும் என்று. எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வெயிலில் அபெர்ச்சர் 16 என்றால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் அளவுக்கு, ஐஎஸ்ஓ 100க்கு 1/100. இதை ஒரு தூணாக வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போடுங்கள். ஒரு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேமராவோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு வெளிச்சம் பிடிபட ஆரம்பிக்கும்.

இன்னொன்று, நம் ஊரில் ரொம்ப அவசியமானது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் இருபது பேர் நின்றால் "ஐயோ வெளிச்சம் அதிகம்" என்று இருட்டாக்கி வேட்டியை அழுக்காகக் காட்டும். கருங்கல் நந்தியை எடுத்தால் அதற்கு எதிர், கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும். வெள்ளைக்கு ஒரு படி கூட்டு, கறுப்புக்கு ஒரு படி குறை. உங்கள் கேமராவில் ஏவி என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.


கடலோரம் எழுதியது:

எனக்கு அந்த டம்ளர்தான் மனதில் நிற்கிறது. அதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். அழுத்துவதற்கு முன் கண்ணை நாலு ஓரத்திலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். நடுவில் இருக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஓரம் தெரியாது, நம் கண் அப்படித்தான். மேல் விளிம்பில் கம்பி தலையில் முளைக்கிறதா, கீழே கால் கணுக்காலில் வெட்டுப்படுகிறதா, கை எங்கே முடிகிறது. ஆரம்பத்தில் இரண்டு விநாடி ஆகும், எனக்கு ஆறு மாதத்தில் யோசிக்காமலே வர ஆரம்பித்தது.

செல்போன் கை மட்டும் முழுக்க உங்கள் தவறு இல்லை. 200டியின் வியூபைண்டர் படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும், ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு கீற்று படத்தில் சேர்ந்தே வரும். அது தெரிந்து எடுங்கள். ஆனால் டம்ளர் வெட்டுப்பட்டது உங்கள் கண்ணுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

ஜூமைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லென்ஸில் 35 என்ற எண்ணுக்குத் திருப்பி, வளையம் நகராமல் செலோடேப் ஒட்டுங்கள். அது பழைய ஃபிலிம் கேமராவின் 50 எம்எம் பார்வைக்குப் பக்கத்தில் வரும். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார், 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தபோது அங்கேதான் இருந்தார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி லைக்காவும் 50 எம்எம் லென்ஸுமாகத்தான் எடுத்தார். ஒரே பார்வைக் கோணத்தில் பழகினால், கேமராவைத் தூக்குவதற்கு முன்னாலேயே எங்கே நின்றால் எது உள்ளே வரும் என்று காலுக்குத் தெரிந்துவிடும். நீங்களாக நடந்து பக்கத்தில் போக வேண்டிவரும், அதுதான் இதில் உள்ள லாபம்.

அடுத்தது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். திருவிழா வருடத்துக்கு ஒரு தடவை, அங்கே பயிற்சி எடுக்க முடியாது. நான் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்கு ஒரு மாதம் தினமும் காலையில் போனேன். முதல் மூன்று நாளும் ஒன்றும் கிடைக்கவில்லை. நாலாம் நாள்தான் கவனித்தேன், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெயில் புகுந்து பாய்லர் மேல் விழுகிறது, கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. அந்தக் கால் மணி நேரம் நீராவி பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு எழுந்து நிற்கும். மாஸ்டர் டீயை ஆற்றும்போது 1/500 வைத்தால் துளித்துளியாகப் பிரிந்து தெரியும், 1/30 வைத்தால் ஒரே பட்டுக்கயிறு மாதிரி நீளமாக இறங்கும். 1/30இல் என் கையும் ஆடியது, பெஞ்சில் முழங்கையை ஊன்றி எடுத்தேன். இருபது நாள் ஒரே ஆளை எடுத்த பிறகு அவர் டீயை உயர்த்துவதற்கு முன் தோளை லேசாகத் தூக்குவார் என்பது எனக்குப் பழகிவிட்டது, தோள் எழும்போது அழுத்தினால் டீ மேலே இருக்கும்போது படம் விழும். நீங்கள் பதினைந்து தடவை ஒரே காட்சியை எடுத்ததற்கும் மருந்து இதுதான், என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் ஒன்றோ இரண்டோ போதும்.

காலை வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் பொன்வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்பார்கள், அவர்கள் ஊரில் அது உண்மை. நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணிதான் அந்த இளவெயில். விடிந்த பிறகு கிளம்பினால் கிடைக்காது, விடியும்போது இடத்தில் நிற்க வேண்டும்.

பின்திரையை எட்டிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்களுடையது திருப்புகிற திரை, உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடலாம். இடத்துக்குப் போனதும் ஒரு படம் எடுத்து வெளுத்த இடம் மின்னுகிறதா, ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள், சரியாக இருந்தால் மூடுங்கள். வெளிச்சம் மாறினால் மட்டும் மறுபடி திறங்கள். குனிந்து பார்க்கிற அந்த மூன்று விநாடியில்தான் நல்லதெல்லாம் நடக்கும்.

கடைசியாக, கேட்டுவிட்டு எடுங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பெண்களின் முகம் உடனே இறுகிவிடும். நான் முதல் நாள் கேமராவை வெளியே எடுப்பதே இல்லை, பேசிவிட்டு வருவேன். டீ மாஸ்டருக்கு நாலுக்கு ஆறு பிரிண்ட் ஒன்று போட்டுக் கொடுத்தேன், கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு பாய்லர் பக்கம் உள்ளே நின்று எடுக்கவும் விடுகிறார். அந்தப் பாட்டியையும் தேடிப் பாருங்கள், பக்கத்துத் தெருக்காரராகத்தான் இருப்பார்.


நல்லூர் வீதி எழுதியது:

வணக்கம் தம்பி, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எடுக்கிற விதத்தை மற்ற ஆக்கள் வடிவாகச் சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன், எனக்குப் படம் பழக்கினது அதுதான்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஒவ்வொரு நாளும் வெளிவீதியில் எடுப்பேன், பின்னேரம் வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். அன்றைக்கே தெரிவு செய்ய மாட்டேன். எடுத்த சூடு இருக்கும்போது எல்லாம் நல்லது போலத் தெரியும், இல்லாவிட்டால் எல்லாம் கூடாது போலத் தெரியும். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வேறு ஆள் எடுத்த படம் மாதிரிப் பார்க்கலாம்.

தள்ளுகிற படத்தை ஏன் தள்ளுகிறேன் என்று ஒரு கொப்பியில் குறிப்பேன். அசைந்தது, வெளிச்சம் பிழை, ஓரம் பிழை, நேரம் பிந்தியது, இப்படி ஒரு சொல் போதும். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் கமரா எழுதி வைத்திருக்கும், அதையும் பக்கத்தில் எழுதுவேன். ஒரு திருவிழா முடிய அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் விளங்கியது, என்னுடைய அசைந்த படங்களில் அனேகமானவை 1/60க்குக் கீழே எடுத்தவை, அதுவும் விளக்கு வைத்த பிறகு. ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து ஷட்டரைக் குறைத்திருக்கிறேன். ஐஎஸ்ஓ கூடிக் கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய இயலாது. உங்களுடைய 812ஐயும் அழித்துவிட வேண்டாம், ஒருக்கால் இப்படிப் பிரித்து எண்ணிப் பாருங்கள். எந்தச் சொல் கூட வருகிறதோ அடுத்த மாதம் அதை மட்டும் திருத்தினால் காணும்.

கார்டில் இருந்து படத்தை வீதியில் நின்று ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம், அவசரத்தில் நல்லது போய்விடும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு கமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். அந்த இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். என் சிநேகிதர் ஒருவர் எட்டு வருடப் படத்தை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார், ஒரு நாள் அது சுற்றவில்லை, அதோடு முடிந்தது.

நீங்களும் கடற்கரை ஊர், நாங்களும் கடற்கரை ஊர், ஈரப்பதன் கூட. லென்ஸைத் தோல் உறையில் பூட்டி அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கண்ணாடிக்குள்ளே சிலந்திவலை மாதிரிப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். அரிசிக்குள் போடச் சொல்வார்கள், போட வேண்டாம், மாத்தூள் உள்ளே போகும். ஏசி அறையில் இருந்து விடியப்புறம் நேரே வெளியில் எடுத்தாலும் கண்ணாடி வேர்த்துவிடும், பையைத் திறக்காமல் இருபது முப்பது நிமிடம் வெளியில் வைத்துவிட்டு எடுங்கள்.


மாடவீதி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நல்லூர் வீதி அண்ணா, 812ஐயும் பிரித்துவிட்டேன், இரண்டு ராத்திரி ஆனது. வெளிச்சம் பிழை 300க்கு மேல், அது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியமாக இருந்தது, மீதியில் பாதிக்கு மேல் "ஓரம் பிழை" என்று எழுதியிருக்கிறேன். அசைந்தது நான் நினைத்ததை விடக் குறைவு.

35இல் டேப் ஒட்டித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடைக்கு ஐந்து காலை போனேன். திரையை மூடிவைத்து ஐந்து நாளில் மொத்தம் 64 படம். கடலோரம் அக்கா சொன்ன மாதிரி முதல் நாள் கேமராவை எடுக்கவில்லை, கதம்பம் கட்டுகிற அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாழைநாரை விரலில் சுற்றி முடிச்சைப் போட்டு இழுக்கும்போது நாரின் நுனி ஒரு நொடி மேலே துள்ளும், மூன்றாம் நாள் அது கண்ணில் பட்டது, ஐந்தாம் நாள் அதை எடுத்துவிட்டேன். நார் முழுவதும் உள்ளே இருக்கிறது. நீர்மோர்ப் பாட்டியையும் அவர்தான் அடையாளம் சொன்னார், பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். டம்ளர் பாதிதான் இருக்கிறது, இருந்தாலும் கொடுக்கப்போகிறேன்.

பழைய ரோல் அண்ணா, மொட்டை மாடியில் மதியம் வேண்டுமென்றே 6400 வைத்துப் பார்த்தேன். ஏதோ மின்னுகிறது என்பது தெரிகிறது, ஆனால் 4000 என்று படிக்க முடியவில்லை. கீழே உள்ள எண்கள் எல்லாமே கலங்கலாக, தண்ணீருக்குள் இருக்கிற மாதிரித்தான் தெரிகின்றன, முதல் நாளிலிருந்தே அப்படித்தான். ஆனால் எடுத்த படம் கூர்மையாக இருக்கிறது, அதனால் இந்த மாடலே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேமராவில் கோளாறா? சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?


பழைய ரோல் எழுதியது:

கோளாறு இல்லை தம்பி. செகண்ட் ஹேண்ட் என்று முதலிலேயே சொன்னீர்கள், நான்தான் கேட்டிருக்க வேண்டும். வியூபைண்டர் ரப்பருக்குப் பக்கத்தில், ஓரத்தில், நகத்தால் திருப்புகிற அளவுக்குச் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். பார்க்கிறவரின் கண் பவருக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்வதற்கு. முதலில் வைத்திருந்தவர் அவர் கண்ணுக்குத் திருப்பி வைத்திருக்கிறார், நாலு மாதமாக நீங்கள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள்.

லென்ஸ் மூடியைக் கழற்றி வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீங்கள் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள். சுவரைக் கவனிக்காதீர்கள், ஒன்பது புள்ளிகளையும் கீழே உள்ள எண்களையும் மட்டும் கவனியுங்கள், பாதி அழுத்தினால் எண்கள் எரியும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் அச்சடித்த மாதிரித் தெளியும். அங்கே நிறுத்துங்கள். பையில் உரசி அந்தச் சக்கரம் தானாகத் திரும்புவதும் உண்டு, அதனால் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு 4000 தெரிகிறதா என்று எழுதுங்கள்.


மாடவீதி எழுதியது:

தெரிகிறது அண்ணா. ஒன்பது புள்ளியும் தெரிகிறது.